பாதியில் நின்ற யானைப் படம்

மகனே, நீ கப்பலேறி இரண்டு மாதம் ஆகப்போகிறது. உனக்கு இப்போது ஆறு வயது. ஆனால் இந்தக் கடிதம் அந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு இல்லை. என்றாவது ஒரு நாள் என்னைவிட உயரமாக, மீசையோடு, எனக்குப் பழக்கமில்லாத கனத்த குரலில் பேசிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கப்போகிற ஆளுக்கு. அந்த ஆளை எனக்கு இன்னும் தெரியாது. அவன் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வளர்ந்திருப்பான் என்பதும் தெரியாது. அதனால்தான் இப்போதே எழுதி வைக்கிறேன். இதைத் தபாலில் போடப்போவதில்லை. இந்த ரப்பர் தோட்டத்திலிருந்து போகிற கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று உன் அப்பா சொல்கிறார். பிரித்துப் பார்க்காவிட்டாலும், பெரியப்பா வாசித்துச் சொல்ல நீ கேட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நீ வளர்ந்து வந்த பிறகு நானே உன் கையில் கொடுப்பேன்.

உன்னை ஏன் தமிழ்நாட்டில் நம் ஊருக்கு அனுப்பினோம் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொல்லி வருகிறோம். இங்கே காலம் சரியில்லை, அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, இங்கே மந்தினில் கடை வைத்திருந்த பெரியப்பா கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போகிறார், அவர்களோடு பிள்ளையும் போகட்டும். இதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் காரணம் இது இல்லை. நீ ஒரு காரணம் நினைத்துக்கொண்டுதான் போனாய், அதுவும் இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்வதற்கு நான் ஒரு புத்தகத்திலிருந்தும் ஒரு படத்திலிருந்தும் தொடங்க வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசி.

புத்தகம் உனக்கு நினைவிருக்கலாம். சிரம்பானில் புத்தகக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, தமிழ்நாட்டிலிருந்து வந்த பெட்டியில் எனக்கு வந்த புத்தகங்களோடு உனக்கென்று வாங்கியது. கூட்டத்தை விட்டு வழிதவறிய ஒரு யானைக்குட்டி காட்டோரத்தில் பசியோடு நிற்கிறது. ஒரு சிறு பெண் தன் பங்குச் சோற்றில் கொஞ்சம் எடுத்துத் தினமும் அதற்குக் கொண்டுபோய் வைக்கிறாள். கடைசியில் தாய் யானை தேடி வந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் கதை. அச்சடித்தவரிடம் ஒரே ஒரு மைதான் இருந்ததோ என்னவோ, படங்கள் எல்லாம் நீலத்தில் இருந்தன. யானை நீலம், மரம் நீலம், இலையில் வைத்த சோறும் நீலம். மத்தியானத்தில் அப்பா ஆபீசுக்குத் திரும்பிப் போன பிறகு நாம் இருவரும் பாயில் படுத்து அதை வாசிப்போம். பக்கத்தைத் திருப்புவதற்குள் அடுத்த வரியை நீ சொல்லிவிடுவாய். அந்த யானை எங்கே இருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீல யானையை யாரும் எங்கும் தேடிப்போவதில்லை. புத்தகத்துக்கு உள்ளேதான் அது இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புத்தகத்தில் இருப்பது திரைக்கு வரும்போது என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், பத்திரிகையில் வாராவாரம் வந்த ஒரு தொடர்கதையை நான் உயிராக வாசித்து வந்தேன். அதில் வருகிற பெண்ணுக்கு நானே ஒரு முகம் வைத்திருந்தேன். என் கூடப்படித்தவள் ஒருத்தியின் கண்ணும், நான் ஒரே ஒரு முறை ரயிலில் பார்த்த யாரோ ஒருத்தியின் நெற்றியும் சேர்ந்த முகம். அந்தக் கதையைப் படமாக எடுத்தார்கள். என் மாமா எங்களை சிரம்பானுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். படம் நன்றாகத்தான் இருந்தது, நானும் எல்லாரையும் போல அழுதேன். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் நான் வைத்திருந்த முகம் வரவில்லை. நடிகையின் முகம்தான் வந்தது. இன்றுவரை அப்படித்தான். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, பிறகு மறந்துவிட்டேன். திரையில் பார்த்தது மனதில் இருந்ததைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் என்பதை நானே அனுபவித்தும், உன் விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

இப்போது நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை, நீ வளர்ந்து வாசிக்கும் காலத்தில் யாராவது உனக்கு விளக்க வேண்டியிருக்கலாம். லாபு பக்கத்தில் சிதறிக் கிடந்த, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். உன் அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி என்பதால் நம் வீடு கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அதுவும் வேலிக்கு உள்ளேதான். வெள்ளைக்காரச் சர்க்காரை எதிர்த்துக் காட்டில் துப்பாக்கியோடு இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசிக்கு அளவு. வாசலில் சோதனை. பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

இந்த நாட்களில்தான் தோட்டத்துக்குச் சர்க்காரின் படவண்டி வரப்போகிறது என்று சொன்னார்கள். அந்த யானைக் கதைப் புத்தகத்தைப் படமாக எடுத்திருக்கிறார்களாம், அதையும் காட்டப் போகிறார்களாம். உன் அப்பாவுக்கு விருப்பமில்லை. அந்தக் கூட்டத்தில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம் என்றார். நான்தான், என்னங்க, அவன் மனப்பாடமாக வைத்திருக்கிற கதை, அவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று கேட்டு அவரை இணங்க வைத்தேன்.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஊரடங்குக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிவிட்டார்கள். முதலில் அரிசிக் கார்டைப் பற்றி ஒரு படம், சரணடைந்தவர்களைப் பற்றி ஒரு படம். துணியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டோம். வானம் கொஞ்சம் மங்கிய பிறகு யானைக்குட்டி வந்தது. நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாரியாயி திரும்பி, "கிராணியம்மா, இதுக்கு அரிசிக் கார்டு எந்தக் கடையில பதிஞ்சிருக்காம்?" என்றாள். களமே சிரித்தது, காவலுக்கு நின்றவர்கள் உட்பட. மாரியாயி கடைசி லயத்தில் தனியாக இருக்கிற பால்வெட்டுக்காரி. யாரையும் விடாமல் கேலி செய்வாள். உன்னைச் சின்னக் கிராணி என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். கூலி விஷயமாகத் தோட்டத்துத் துரையிடம் வாய்த்தகராறு செய்துவிட்டுத் தோட்டத்தை விட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. போர்டிக்சன் பக்கம் வேலையில் இருக்கிறான் என்று அவள் சொல்வாள். காட்டுக்குப் போய்விட்டான் என்று மற்றவர்கள் அவள் இல்லாதபோது சொல்வார்கள்.

நீ சிரிக்கவில்லை. நீ துணியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த யானைக்குட்டி நீலமாக இல்லை. தோலில் சேறு ஒட்டியிருந்தது. காதில் ஈ உட்கார்ந்தால் காதை அசைத்தது. பின்னால் தெரிந்த காடு நம் வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற காடு மாதிரியே இருந்தது. குட்டி ஒரு மரத்தடியில் மழையில் நின்று தும்பிக்கையால் வெறும் தரையைத் துழாவியது. சோறு கொண்டுவருகிற பெண் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் படம் நின்றது. நேரமாகிவிட்டது, வண்டி ஊரடங்குக்குள் டவுனுக்குப் போய்ச் சேர வேண்டும், மிச்சத்தை அடுத்த தடவை காட்டுகிறோம் என்று ஒலிபெருக்கிக்காரர் சொல்லிவிட்டார். நாங்கள் எழுந்து பாயை உதறுவதற்குள் துணியை மடித்துவிட்டார்கள். அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "அப்புறம் யானை என்னாச்சும்மா?" என்று கேட்டாய்.

"நம்ம புத்தகத்துல இருக்கிற மாதிரிதான்டா. அந்தப் பொண்ணு சோறு வைக்கும், அப்புறம் அம்மா யானை வந்துடும்."

"அது நீல யானைம்மா. இது வேற யானை."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இந்த வயதில் புத்தகம் வேறு, படம் வேறு என்று புரிந்துகொண்டிருக்கிறானே என்று. நீ சொன்னது என்னவென்று எனக்குப் புரியவில்லை. நீல யானைக்கு முடிவு உண்டு, அதன் பசி தீர்ந்துவிட்டது. களத்தில் பார்த்த யானை இன்னும் வேலிக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தது.

பிறகு நடந்ததை நீயே எனக்குச் சொன்னாய், ஆனால் காலம் கடந்து சொன்னாய். இல்லை, அப்படிச் சொல்வது சரியில்லை. நீ உடனேதான் சொன்னாய், நான்தான் காலம் கடந்து கேட்டேன். மத்தியானச் சோற்றில் ஒரு உருண்டையை நீ ஒளித்துவைத்து, மாரியாயி வீட்டுக் கொல்லையில் இருந்த வாழையில் இலை கிழித்துச் சுற்றி, அங்கேயே வேலிக்கு அடியில் கையை நுழைத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தாய். காடு அந்த இடத்தில்தான் வேலிக்குப் பக்கத்தில் வருகிறது. மறுநாள் போய்ப் பார்த்தால் இலை வெறுமையாகக் கிடந்தது. குரங்கு தின்றதா, நாய் தின்றதா, எனக்குத் தெரியாது. நீ ஓடி வந்து, யானை சாப்பிட்டுவிட்டது என்று என்னிடம் சொன்னாய். நான் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், வயிறு நிறைந்ததாமா என்று கேட்டேன். இன்னும் வேண்டுமாம் என்றாய். எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். என் பிள்ளை தானாகவே கதை கட்டத் தொடங்கிவிட்டான் என்று. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஏதாவது வந்து சொன்னால், கதையாகத்தான் இருக்கும் என்று தோன்றினாலும் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வா. வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் குறை உண்டு. எதைக் கேட்டாலும் கதையாகவே கேட்டுவிடுவோம்.

நீ மறுபடி வைத்த சோற்றை வேலியைச் சுற்றி வந்த காவல்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வாழையிலை மாரியாயி வீட்டு வாழையில் கிழித்தது. வேலிக்குப் பக்கத்து வீடு அவளுடையது. தம்பி காட்டுக்குப் போய்விட்டான் என்று பேர் வாங்கியவள். வேறு யாரைப் பிடிப்பார்கள்? பால்வாளியை இறக்கிவைத்த கையோடு அவளை லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "அது யானைக்கு வெச்சதும்மா. அக்கா வெக்கலம்மா." அப்போதும் எனக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கு நடந்தேன். அதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை.

டவுனிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி துரையின் நாற்காலியில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கிராணி என்பதால் நீ சொல்வதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் உன் அப்பாவே. வாசற்படியில் மண்டோர் நின்றிருந்தார், வேலைக்காட்டில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற நம் ஊர்க்காரர். அதிகாரி கோபப்படவில்லை. மேசையில் உனக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்து வைத்தார். யார் வைக்கச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றாய். யார் வந்து எடுத்துக்கொண்டது என்று கேட்டார். யானை என்றாய். மறுபடி கேட்டார். யானை என்றாய். இன்னும் மெதுவான குரலில் மறுபடி கேட்டார்.

நான் கதை சொல்லும்போது உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. உனக்குப் பிடிக்காத இடம் வந்தால் பேசாமல் என் முகத்தைப் பார்ப்பாய். நான் உடனே கதையைத் திருப்பிவிடுவேன். ஓநாய் நல்ல ஓநாயாகிவிடும், ஆற்றில் விழுந்தவன் நீந்தி வந்துவிடுவான். கேட்கிறவருக்குப் பிடித்தபடி கதையை மாற்றிச் சொல்வதுதான் அன்பு என்று நானே உனக்குப் பழக்கியிருந்தேன். அன்றைக்கு நீ அந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தாய். உன் கதை அவருக்குப் பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரிந்தது. பாவம், அவருக்குப் பிடித்தபடி மாற்றினாய்.

"ஒரு மாமா வந்து எடுத்துட்டுப் போனாரு," என்றாய். "மாரியாயி அக்கா தம்பி."

தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் பேசிக்கொண்டதை நீ கேட்டிருக்க வேண்டும். அவனை நீ பார்த்ததே இல்லை. அவன் தோட்டத்தை விட்டுப் போனபோது நீ கைக்குழந்தை. ஆனால் அந்த ஒரு வரி ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் மாரியாயி வீடு திரும்பியிருக்க மாட்டாள்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். பால் நிறுத்த கணக்கில் ஒரு ராத்தல் உதைத்தாலும் சாப்பிடாமல் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறவர். அந்த மனிதர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதிகாரியிடம் திரும்பினார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. யானைதான் வந்து தின்றுவிட்டுப் போனது என்று பிள்ளை சொல்கிறான் சார், போன வாரம் பாதியில் நின்ற படத்தில் வந்த யானை என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வாசற்படியில் மண்டோர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மாரியாயியை விட்டுவிட்டார்கள். வந்தவள் குரல் கட்டிப்போய், முகம் வற்றிப்போய் நம் வீட்டு வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டாள். "சின்னக் கிராணி, அடுத்த தடவ யானைக்குப் பசிச்சா ஒங்கூட்டு வாழையில எல அறுத்துக்க. எம்மரத்த உட்ரு, சாமி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ என் பின்னால் ஒளிந்துகொண்டாய். நீ ஆபீசில் என்ன சொன்னாய் என்று அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை.

அது அதோடு முடிந்திருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மண்டோர் வந்து, காபியைக்கூட வாங்கிக்கொள்ளாமல், நின்றபடியே உன் அப்பாவிடம் பேசினார். அதிகாரிக்கு மனசு ஆறவில்லையாம், பிள்ளையை மறுபடி விசாரிக்க வேண்டும் என்கிறாராம். "இந்த வாட்டி தமிழ் தெரிஞ்ச ஆளக் கூட்டியாருவாங்க, கிராணி ஐயா. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா புள்ள வாய யாரு மூடுறது?"

நாங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவைப் பற்றிச் சொல்லாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தால், யாரோ சொல்லக் கூடாது என்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பாய். உண்மையை மட்டும் சொல் என்று சொன்னோம். அதற்குள் உனக்கே எது உண்மை என்று கலங்கிவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது, அந்த மாமா சட்டை என்ன நிறம் என்று என்னைக் கேட்டாய். கேட்கக் கேட்க உன் மாமாவுக்குச் சட்டை வரும், முகம் வரும், அவன் சொன்ன வார்த்தைகளும் வரும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கழுத்துக்குப் போகும். பெரியப்பா புறப்பட இன்னும் சில நாட்களே இருந்தன. நாம் எல்லாருமே போய்விட்டால் ஓடிப்போனதாக ஆகும். என் வயிற்றில் உன் தங்கையோ தம்பியோ ஆறாவது மாதத்தில். நீ மட்டும் போவது என்று உன் அப்பா முடிவு செய்தார். நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் தடுப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பயந்திருந்தேன், மகனே. மாரியாயிக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் அது பொய். உன் அப்பா மாற்றிச் சொன்ன அந்த ஒரு வரி வெளியே வந்தால் அவர் என்ன ஆவார் என்றும் பயந்தேன்.

யாராவது ஒரே கேள்வியை மறுபடியும் மறுபடியும் உன்னிடம் கேட்டால், முதலில் சொன்ன பதிலை விட்டு நகராதே. அவர்கள் குரல் மென்மையானால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள். வளர்ந்தவர்களுக்கே இது கஷ்டம். ஆறு வயதில் உன்னால் முடியவில்லை என்பதில் உன் குற்றம் எதுவும் இல்லை. கதை எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எழுது, மாற்றி மாற்றி எழுது. ஆனால் ஆட்களின் பெயரை வைத்து அதைச் செய்யாதே.

லாபு ஸ்டேஷனில் ரயில் வருவதற்குள் பெரியம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ அழவில்லை. ஆபீசில் நின்ற மாதிரியே நேராக நின்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் இனிமே யாருக்கும் சோறு வெக்க மாட்டேம்மா," என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அதற்காக உன்னை அனுப்பவில்லை என்று. அடுத்து நீ, அப்படியென்றால் எதற்கு என்று கேட்டிருப்பாய். சுற்றிலும் ஆட்கள். சோதனைக்காரர்கள் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, பெரியம்மா பேச்சைக் கேட்டு நட என்று மட்டும் சொன்னேன். நீ தலையாட்டினாய், ஏதோ தீர்ப்பை ஒப்புக்கொண்டவன் மாதிரி.

போன வாரம் பெரியப்பாவின் கடிதம் வந்தது. அடியில் நீ பெரிய பெரிய எழுத்தில், வரி மேலேறிக்கொண்டே போக எழுதியிருந்தாய். நான் இங்கே நல்ல பிள்ளையாக இருக்கிறேன். பிச்சைக்காரருக்குப் பெரியம்மா போடச் சொன்னபோதுகூட நான் போடவில்லை. அம்மா எப்போது கூப்பிடுவாய்.

அதற்கு நான் பதில் எழுதினேன். நன்றாகப் படி, எண்ணெய் தேய்த்துக் குளி, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று. உன் அப்பா வாசித்துப் பார்த்துவிட்டு, தப்பாக எதுவும் இல்லை என்று ஒட்டினார். கப்பலில் அது இப்போது உன்னிடம் வந்துகொண்டிருக்கிறது. நீ அதைப் பெரியப்பாவிடம் கொடுத்து ஒன்றுக்கு இரண்டு தடவை வாசிக்கச் சொல்வாய். பிச்சைக்காரருக்குப் போடாமல் இருந்தது சரியா என்று அதில் ஒரு வார்த்தை தேடுவாய். அது இருக்காது. அடுத்த தடவை யாராவது பசியோடு வந்து வாசலில் நிற்கும்போது, வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக, நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய்.